‘சார், இது எக்ஸாம்ல வருமா?’ - தொழில்முனைவு வகுப்பில் மாணவர்கள் தடுமாறுவது ஏன்?

ஒரு வகுப்பைக் கற்பனை செய்து பாருங்கள். வத்தலக்குண்டு பக்கம் ஏதோ ஒரு பள்ளி அல்லது கல்லூரி. ஆசிரியர் உள்ளே வருகிறார். கையில் புத்தகம் இல்லை. “அஞ்சு பேர் ஒரு குழு. குழுவுக்கு 500 ரூபாய். ஒரு வாரம் டைம். பஸ் ஸ்டாண்டைச் சுத்தி யாருக்கு என்ன கஷ்டம் இருக்குன்னு பாருங்க. அதைத் தீர்க்க ஏதாவது செஞ்சு, காசு சம்பாதிச்சுட்டு வாங்க” என்கிறார்.

கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் பின் பெஞ்சில் இருந்து ஒரு கை உயரும். “சார், இது எக்ஸாம்ல வருமா?”

கிண்டல் செய்ய வேண்டிய கேள்வி இல்லை இது. பன்னிரண்டு வருஷம் ‘எது எக்ஸாம்ல வரும்’ என்று மட்டுமே பார்க்கப் பழக்கிவிட்டு, திடீரென்று ஒருநாள் ‘நீயே கேள்வியைக் கண்டுபிடி’ என்றால் யாராக இருந்தாலும் இதைத்தான் கேட்பார்கள். பள்ளி, கல்லூரிகளில் இப்போது அதிகம் பேசப்படும் ‘செய்து கற்கும் தொழில்முனைவுக் கல்வி’ மாணவர்களிடம் எங்கே இடறுகிறது, ஏன் இடறுகிறது என்று பார்ப்போம்.

பாடமாக ஏற்கெனவே இருக்கிறதே?

இருக்கிறது. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் 2 வணிகவியல் படித்தவர்களுக்கு ‘தொழில் முனைவோர் மேம்பாடு’ பகுதி நினைவிருக்கும். தொழில்முனைவோரின் பண்புகள், வகைகள், அரசுத் திட்டங்கள் என வரிசையாக வரும். மனப்பாடம் செய்து ஐந்து மார்க் கேள்விக்கு விடை எழுதிவிடலாம். ‘இடர் ஏற்கும் துணிவு’ என்று முதல் பாயின்ட் எழுதும் மாணவருக்கு, இடர் ஏற்க ஒரு சந்தர்ப்பம்கூட அந்த வருஷம் வந்திருக்காது என்பதுதான் சிக்கல்.

இதை மாற்றத்தான் கடந்த சில ஆண்டுகளாகப் பல முயற்சிகள் நடக்கின்றன. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1ஆம் தேதி ‘நான் முதல்வன்’ திட்டத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம், யுனிசெஃப் அமைப்புடன் சேர்ந்து ‘பள்ளிப் புத்தாக்க மேம்பாட்டுத் திட்டம்’ நடத்தியது. அதில் மாணவர்கள் தங்கள் ஊரில் உள்ள ஒரு பிரச்சினையைக் கண்டுபிடித்து, குழுவாகச் சேர்ந்து தீர்வு சொல்ல வேண்டும்.

பணத்தையே மாணவர் கையில் கொடுத்தது டெல்லி. அங்கே அரசுப் பள்ளிகளில் 2019இல் ‘தொழில்முனைவு மனப்பான்மை பாடத்திட்டம்’ வந்தது. 2021 செப்டம்பரில் ‘பிசினஸ் பிளாஸ்டர்ஸ்’ என்ற பெயரில் 11, 12ஆம் வகுப்பு மாணவர்களுக்குத் தலா 2,000 ரூபாய் வரை தொடக்க முதல் தரும் திட்டம் தொடங்கியது. குழுவாகச் சேர்ந்து தொழில் தொடங்கி, கணக்கு காட்ட வேண்டியிருந்தது. தேர்வு இல்லை.

வளையம் வீசிய காக்கிநாடா

இது ஏதோ ஸ்டார்ட்-அப் காலத்துப் புது ஃபேஷன் என்று நினைத்தால் தவறு. 1960களின் நடுவில், அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், ஆந்திராவின் காக்கிநாடாவைச் சேர்ந்த சுமார் 50 சிறு தொழில் செய்பவர்களை ஹைதராபாத்தில் இருந்த சிறுதொழில் பயிற்சி நிறுவனத்தில் சுமார் 10 நாள் உட்கார வைத்தார். பாடம் நடத்தவில்லை. விளையாட வைத்தார். அதில் ஒன்று, தரையில் நட்ட குச்சியில் வளையம் வீசும் விளையாட்டு. எவ்வளவு தூரத்தில் நின்று வீசுவது என்பதை விளையாடுபவரே முடிவு செய்யலாம்.

ரொம்பப் பக்கத்தில் நின்று வீசினால் வளையம் விழும், ஆனால் அதில் ஒன்றும் இல்லை. ரொம்பத் தூரம் போனால் அது லாட்டரிச் சீட்டு. சாதிக்கும் எண்ணம் அதிகம் உள்ளவர்கள் நடுத்தரமான தூரத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், முயன்றால் முடியும் ஆனால் உறுதி இல்லை என்கிற தூரத்தை. இது மெக்லெலண்ட் ஆய்வுகளில் கண்டது. பயிற்சிக்குப் பின் ஊர் திரும்பியவர்கள், பயிற்சி பெறாதவர்களைவிட அதிகமாக முதலீடு செய்தார்கள், அதிக ஆட்களை வேலைக்கு வைத்தார்கள் என்று 1969இல் வெளியான அவருடைய புத்தகம் சொல்கிறது. இன்றும் இந்தியாவில் தொழில்முனைவோர் பயிற்சி முகாம்களில் அந்த வளையம் வீசும் விளையாட்டு நடக்கிறது. கலந்துகொள்கிறவர்களுக்கு அதன் பின்கதை தெரியுமா என்பது வேறு விஷயம்.

இடர் ஏற்கும் துணிவு என்று பரீட்சைப் பேப்பரில் எழுதுவதற்கும், எந்தத் தூரத்தில் நிற்பது என்று கால் தடுமாறுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தக் கல்வியின் முழு விஷயமும்.

500 ரூபாயில் என்ன செய்வது?

நம் வகுப்புக்குத் திரும்புவோம். 500 ரூபாய் கொடுத்தால் பெரும்பாலான குழுக்கள் முதலில் எங்கே போகும் என்று சொல்லவே வேண்டாம். ஜூஸ் ஸ்டால். இல்லையென்றால் சமோசா. காரணம், அவர்கள் கையில் இருக்கும் காசைப் பார்த்து யோசிக்கிறார்கள்.

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் டீனா சீலிக் என்ற பேராசிரியர் இதையே ஒரு பயிற்சியாக நடத்தினார். குழுவுக்கு 5 டாலர், செய்து முடிக்க 2 மணி நேரம், கடைசியில் வகுப்பில் 3 நிமிடம் பேச வேண்டும். சில குழுக்கள் அந்த 5 டாலரைத் தொடவே இல்லை. ஒரு குழு வளாகத்தில் சைக்கிள் டயருக்குக் காற்று சரிபார்த்துக் கொடுத்தது. அதிகம் சம்பாதித்த குழு, தங்களுக்குக் கிடைத்த அந்த 3 நிமிடத்தையே, மாணவர்களை வேலைக்கு எடுக்க விரும்பிய ஒரு நிறுவனத்துக்கு 650 டாலருக்கு விற்றுவிட்டது.

வத்தலக்குண்டில் உட்கார்ந்துகொண்டு ஸ்டான்ஃபோர்ட் கதை எதற்கு என்று தோன்றலாம். சரி, ஊருக்கே வருவோம். கொடைக்கானல் மலை ஏறும் வாகனங்கள் கடக்கும் ஊர் இது. 2024 மே 7 முதல் சென்னை உயர்நீதிமன்ற உத்தரவால் கொடைக்கானல் செல்ல இ-பாஸ் கட்டாயம். ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மலையில் தடை. இந்த இரண்டும் தெரியாமல் குடும்பத்தோடு வண்டியில் வருபவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு என்ன செய்யலாம்? ஸ்டீல் பாட்டில் வாடகைக்கு விடலாமா? அதைத் திரும்ப வாங்குவது எப்படி? இறங்கும்போது இதே வழியில்தான் வருவார்களா, பழனி பக்கம் போய்விட்டால்? டெபாசிட் எவ்வளவு வாங்கலாம்? கழுவுவது யார்?

ஒரு குழு, “இ-பாஸ் எடுத்துக் கொடுத்து 50 ரூபாய் வாங்கலாம்” என்று வரலாம். இங்கேதான் ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு கவனிக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த குழுவில் ஒருவர் கண்டிப்பாகக் கேட்பார்: “அது ஃப்ரீயா கிடைக்கிறதுதானே, அதுக்குக் காசு வாங்குறது சரியா?” இலவச சேவைக்குக் காசு வாங்கினால் அது சேவையா, ஏமாற்றா? பாடப்புத்தகத்தில் ‘வணிக நெறிமுறைகள்’ என்று ஒரு பக்கத்தில் முடிந்துபோகும் விஷயம், இப்படி வரும்போது வகுப்பே இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். போடட்டும்.

இன்னொரு குழு பூ விற்கலாம் என்று முடிவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். பக்கத்திலேயே நிலக்கோட்டை பூ மார்க்கெட். மல்லிகை ஒருநாள் கிலோ சில நூறு ரூபாய், முகூர்த்த நாளிலோ பொங்கல் நேரத்திலோ சில ஆயிரம். காலையில் வாங்கிய பூ சாயங்காலம் வாடிவிடும். ‘கையிருப்பு மேலாண்மை’ என்ற பாடத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் பேராசிரியரும் நடத்த முடியாது. முதல் நாள் விற்று வந்த காசை எண்ணிவிட்டு “இவ்வளவு லாபம்” என்று சந்தோஷப்படுவார்கள். ஐந்து பேர் நான்கு மணி நேரம் நின்று பூ கட்டியதற்குக் கூலி போட்டால் என்ன மிஞ்சும் என்று கேட்டால் முகம் மாறும். வீட்டில் பூ கட்டும் அம்மா உள்ள மாணவிக்கு மட்டும் அந்தக் கணக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

கற்றது அதிகம், கற்றதாகத் தோன்றுவது குறைவு

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் மாணவர்களிடம் நடத்தி 2019இல் வெளியான ஓர் ஆய்வு, ஆசிரியர்கள் எல்லோரும் படிக்க வேண்டியது. ஒரே பாடத்தை ஒரு குழுவுக்கு நல்ல விரிவுரையாகவும், இன்னொரு குழுவுக்கு மாணவர்களே போட்டுப் பார்த்துக் கற்கும் முறையிலும் நடத்தினார்கள். தேர்வு வைத்தபோது தாங்களே செய்து கற்றவர்கள் அதிக மதிப்பெண் எடுத்தார்கள். ஆனால் ‘எவ்வளவு கற்றதாக உணர்கிறீர்கள்’ என்று கேட்டபோது, விரிவுரை கேட்டவர்கள்தான் அதிகம் கற்றதாகச் சொன்னார்கள்.

யோசித்தால் புரியும். சரளமாகப் பேசும் ஆசிரியர் முன் உட்கார்ந்தால் எல்லாம் புரிந்ததுபோல இருக்கும். நாமே முட்டி மோதும்போது நமக்கு எவ்வளவு தெரியவில்லை என்பதுதான் தெரியும். ‘இந்த சார் எதுவுமே நடத்தல, எங்களையே செய்யச் சொல்றார்’ என்று மாணவர்கள் சொல்வது சோம்பேறித்தனம் இல்லை. அவர்களுக்கு உண்மையாகவே அப்படித்தான் தோன்றுகிறது. முதல் வாரத்திலேயே ‘இப்படித் தோன்றும், பயப்படாதீங்க’ என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை குறையும்.

இன்னொரு ஆய்வு கொஞ்சம் சங்கடமானது. நெதர்லாந்தில் கல்லூரி மாணவர்கள் ஒரு வருடம் சின்ன கம்பெனி நடத்திப் பார்க்கும் திட்டம் ஒன்றை ஆராய்ந்து 2010இல் முடிவு வெளியிட்டார்கள். திறன்களில் குறிப்பிடும்படி முன்னேற்றம் இல்லை. தொழில் தொடங்கும் ஆசையோ முன்பைவிடக் குறைந்திருந்தது!

இதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. 19 வயதில், அப்பாவின் நிலத்தை அடகு வைக்காமல், ‘இது எனக்குச் சரிப்படாது’ என்று ஒருவர் தெரிந்துகொள்வது பெரிய லாபம்தான்.

மாறாக, ஆப்பிரிக்க நாடான டோகோவில் 1,500 சிறு தொழில் செய்பவர்களிடம் நடத்தி 2017இல் வெளியான ஆய்வு நம்பிக்கை தருகிறது. வழக்கமான கணக்கு, மார்க்கெட்டிங் பாடம் கற்றவர்களைவிட, ‘தானே முன்வந்து செய்வது, தடங்கலுக்கு முன்யோசனை செய்வது’ போன்ற மனப்பழக்கத்தைப் பயிற்சியாகப் பெற்றவர்களின் லாபம் சுமார் 30 சதவீதம் கூடியது. வழக்கமான பயிற்சியில் அது சுமார் 11 சதவீதம், அதுவும் புள்ளியியல்படி உறுதியாகச் சொல்ல முடியாத அளவு. ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள்: டோகோவில் இருந்தவர்கள் ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்கள். மறுநாளே போய்ச் செய்து பார்க்க அவர்களுக்கு ஓர் இடம் இருந்தது.

‘படிக்க அனுப்பினா விற்கச் சொல்றாங்களா?’

பெற்றோரின் இந்தக் கேள்வியை ‘விழிப்புணர்வு இல்லை’ என்று ஒதுக்கிவிட முடியாது. தமிழ்நாட்டில் இதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1953இல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு புதிய திட்டம் கொண்டுவந்தார். பள்ளி நேரம் ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம். மீதி நேரம் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கலாம். ‘செய்து கற்பது’ என்று கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தச்சர் பிள்ளை தச்சர், சலவைத் தொழிலாளி பிள்ளை சலவைத் தொழிலாளி என்றுதானே ஆகும்? ‘குலக்கல்வித் திட்டம்’ என்று பெயர் வாங்கி, பெரியாரும் திமுகவும் நடத்திய போராட்டங்கள், காங்கிரசுக்குள்ளேயே எழுந்த எதிர்ப்பு எல்லாம் சேர்ந்து ராஜாஜி பதவி விலகினார். 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார். திட்டம் கைவிடப்பட்டது.

அந்த நினைவு இன்னும் போகவில்லை. மத்திய அரசு 2023 செப்டம்பரில் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அப்படியே ஏற்க மறுத்ததற்குச் சொன்ன காரணமும் இதுதான்: குடும்பத் தொழில் என்ற நிபந்தனை வேண்டாம், குறைந்தபட்ச வயதை 35 ஆக்குங்கள். பிறகு ‘கலைஞர் கைவினைத் திட்டம்’ என்று மாநிலமே தனியாக ஒன்று கொண்டுவந்தது. 18 வயதில் ஒருவர் கல்லூரியில் இருக்க வேண்டுமே தவிர, அப்பாவின் பட்டறையில் அல்ல என்பதுதான் அந்த வயது வரம்புக்குப் பின்னால் இருக்கும் வாதம்.

அப்படியென்றால் தொழில்முனைவு வகுப்பு எங்கே வேறுபடுகிறது? பிரச்சினையை யார் தேர்ந்தெடுக்கிறார் என்பதில். ‘உங்க வீட்ல என்ன தொழில்? அதையே டெவலப் பண்ணுங்க’ என்று ஆசிரியர் சொன்ன அந்த நொடியே அது 1953க்குப் போய்விடுகிறது. நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் அப்பா துப்புரவுப் பணியாளர் என்று வகுப்பில் சொல்ல விரும்பாத பிள்ளை அங்கே தலை குனிந்திருக்கும். குழுவைச் சீட்டுக் குலுக்கிப் பிரிப்பது, பிரச்சினையை வீட்டில் இல்லாமல் தெருவில் தேடச் சொல்வது மாதிரியான சின்ன ஏற்பாடுகள் இங்கே பெரிய வித்தியாசம் செய்யும்.

பெண் பிள்ளைகளுக்கு இன்னொரு தடை. ‘பஸ் ஸ்டாண்ட்ல நின்னு நாலு பேர்கிட்ட பேசிட்டு வா’ என்பது பையனுக்கு ஹோம்வொர்க். பல வீடுகளில் பெண்ணுக்கு அது பெரிய சண்டை. ‘யாராவது பார்த்துச் சொல்லிட்டா?’ என்ற பயம் மார்க்கை விடப் பெரியது. இதை யோசிக்காமல் பயிற்சி கொடுத்தால், பையன்கள் வெளியே போவார்கள், பெண்கள் உட்கார்ந்து சார்ட் பேப்பரில் எழுதுவார்கள்.

காந்திகிராமத்தில் இருந்து எடுத்துக்கொள்ள முடியுமா?

திண்டுக்கல் மாவட்டத்துக்கு இதில் சொந்தமாகவே ஒரு முன்னோடி உண்டு. சின்னாளபட்டி பக்கத்தில் உள்ள காந்திகிராமம். டி.வி.எஸ் நிறுவனரின் மகள் டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி.ராமச்சந்திரனும் 1947இல் தொடங்கியது. 1956இல் கிராமிய நிறுவனம் வந்தது, 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆனது. அடிப்படை, காந்தி 1937இல் வார்தாவில் முன்வைத்த ‘நயி தாலிம்’ என்ற ஆதாரக் கல்வி. கையால் செய்யும் வேலை வழியாகவே கணக்கும் அறிவியலும் மொழியும் கற்பது. மாணவர்கள் கிராமத்தில் தங்கி வேலை செய்வது அங்கே பாடத்தின் ஒரு பகுதி.

நயி தாலிமும் தொழில்முனைவும் ஒன்றல்ல. ஒன்றுக்கு நோக்கம் தன்னிறைவு, மற்றதற்கு லாபம். ஆனால் ஒரு கிராமத்தில் சில நாள் தங்கி, முதலில் கவனித்து, அப்புறம் வாயைத் திறப்பது என்ற ஒழுங்கு இருக்கிறதே, அது எந்த ‘ஐடியா போட்டி’யிலும் கிடைக்காது. இப்போதைய போட்டிகளில் ஒரே மதியத்தில் பிரச்சினை, தீர்வு, லோகோ, பவர்பாயின்ட் எல்லாம் முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் தீர்வு ஒரு மொபைல் ஆப்.

சந்தை வேறு, கற்பது வேறு என்று நினைப்பவர்களுக்கு வத்தலக்குண்டிலேயே ஒரு பதில் உண்டு. இந்த ஊரில் வளர்ந்த எழுத்தாளர் சி.சு.செல்லப்பா, 1959இல் ‘எழுத்து’ பத்திரிகை தொடங்கினார். புத்தகங்களும் போட்டார். விற்க ஆள் இல்லை. தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். லாபம் பார்த்தார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வாசகர் யார், அவர் எங்கே இருக்கிறார் என்பதை நேரில் போய்த் தெரிந்துகொண்ட பதிப்பாளர் அவர்.

நஷ்டத்தை எழுத இடம் இருக்கிறதா?

இதை எழுதும் எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. ஊடகவியல் படிக்கும்போது கடைசி வருஷத்தில் ‘தொழில்முனைவு’ ஒரு விருப்பப் பாடம். கல்லூரி விழாவில் ஸ்டால் போட வேண்டும். நாங்கள் ஆறு பேர், ஆளுக்கு 200 ரூபாய் போட்டு கையால் அச்சடித்த டி-ஷர்ட் விற்றோம். சைஸ் தப்பாக வாங்கிவிட்டோம். எல்லாம் எக்ஸ்எல். முடிவில் 340 ரூபாய் நஷ்டம். ரிப்போர்ட்டில் ‘லாபம் 600’ என்று எழுதினோம். ஏனென்றால் மதிப்பெண் பட்டியலில் ‘ஈட்டிய லாபம் - 10 மார்க்’ என்று ஒரு வரி இருந்தது. ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொடுத்தோம். நல்ல மார்க் வந்தது. யாரும் பில் கேட்கவில்லை.

அந்த வகுப்பில் நான் உண்மையாகக் கற்ற ஒரே விஷயம், வாங்குவதற்கு முன் பத்துப் பேரிடம் சைஸ் கேட்டிருக்க வேண்டும் என்பது. அதை எழுத ரிப்போர்ட்டில் இடமே இல்லை.

மதிப்பெண்ணை லாபத்துக்குக் கொடுத்தால் மாணவர்கள் மூன்று வழிகளில் தப்பிப்பார்கள்: பொய்க் கணக்கு, சொந்தக்காரர்களுக்கு விற்பது, வீட்டில் வாங்கிய காசை வரவாகக் காட்டுவது. மாறாக, எத்தனை பேரிடம் பேசினாய், அவர்கள் சொன்னதைக் கேட்டு எதை மாற்றினாய், தினமும் கணக்கு எழுதினாயா என்பவற்றுக்கு மார்க் கொடுக்கலாம். நஷ்டம் வந்தால் பரவாயில்லை, ஆனால் எங்கே வந்தது என்று காட்ட வேண்டும். நஷ்டக் காசை யார் ஏற்பது என்பதையும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். 200 ரூபாய் சிலருக்கு ஒரு சினிமா டிக்கெட், சிலருக்கு ஒரு வாரத்து பஸ் காசு. டெல்லியில் அரசே முதல் கொடுத்ததன் முக்கியமான பலன் இதுதான் என்று நினைக்கிறேன்: ஏழைப் பிள்ளையும் தப்புச் செய்து பார்க்க முடிந்தது.

இன்னொன்று. சனி, ஞாயிறு கேட்டரிங் வேலைக்கோ ஜவுளிக்கடைக்கோ போகும் மாணவர்கள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். முகூர்த்த நாளில் 500 பேருக்கு இலை போட்டுப் பரிமாறும் வேலையில் எங்கே நெரிசல் வரும், எதில் வீணாகும் என்று அந்தப் பையனுக்குத் தெரிந்த அளவு எம்.பி.ஏ படித்தவருக்குத் தெரியாது. அவனிடம் யாரும் கேட்பதில்லை. அவனும் அதை ‘படிப்பு’ என்று நினைப்பதில்லை.

படித்து முடித்தபின் யாரை அணுகலாம்?

உண்மையாகவே தொழில் தொடங்க விரும்பும் பட்டதாரி, டிப்ளமோ, ஐடிஐ முடித்தவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் ‘நீட்ஸ்’ திட்டம் இருக்கிறது. 10 லட்சம் ரூபாய் முதல் 5 கோடி ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம் ரூபாய். தொழில்முனைவோர் பயிற்சியும் இதில் சேர்ந்தது. விண்ணப்பிக்க திண்டுக்கல்லில் உள்ள மாவட்டத் தொழில் மையத்தை அணுக வேண்டும். திட்ட அறிக்கை கேட்பார்கள். யாருக்கு விற்கப் போகிறீர்கள், அவர்களிடம் பேசினீர்களா என்று வங்கியிலும் கேட்பார்கள். அப்போது கையில் பழைய கணக்கு நோட்டு ஒன்று, நஷ்டத்தோடு இருந்தாலும் சரி, எடுத்துக்கொண்டு போங்கள்.